விருந்து சாப்பிட்டு திரும்பிய 15 பேர் பலி: 'விபத்து இல்லாத நாட்கள்' போர்டு காட்டாத ஆபத்து

சென்னை,

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, சமையல் கியாஸ் நிரப்பும் பிளாண்ட், பெட்ரோல் டிப்போ என்று எங்கே வேலைக்கு போனாலும் கேட்டை தாண்டியதும் கண்ணில் படுவது ஒரு போர்டு. "விபத்து இல்லாத நாட்கள்: 412" என்கிற மாதிரி அதில் எழுதி இருக்கும். தினமும் காலையில் அந்த நம்பரில் ஒன்றை கூட்டுவார்கள். 500, 1000 என்று வந்து விட்டால் ஸ்வீட் பாக்கெட், டிபன் பாக்ஸ், டி-சர்ட் என்று பரிசும் கிடைக்கும். மார்ச் 4-ந் தேதி தேசிய பாதுகாப்பு தினத்தில் இதே நம்பரை மேடையில் பெருமையாக படிப்பார்கள்.

மணலி, எண்ணூர் பக்கம் ஷட்டவுன் வேலைக்கு போகும் வெல்டர், பிட்டர், ரிக்கர், ஹெல்பர் எல்லோருக்கும் இந்த போர்டு பழக்கமானதுதான். வளைகுடா நாடுகளுக்கு ஆலை வேலைக்கு போய் வந்தவர்களும் இதை பார்த்திருப்பார்கள்.

"நம்பர் பெரிசா இருக்கே, அப்போ ஆலை பத்திரம்தானே?" என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அப்படி நம்பி விடக்கூடாது என்பதை உலக எண்ணெய் தொழில், பல உயிர்களை பறிகொடுத்த பிறகே தெரிந்து கொண்டது. அந்த போர்டு எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது? அந்த வேலையில் இருப்பவர்கள் மட்டும் அல்ல, ஆலையை சுற்றி குடியிருப்பவர்களும் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம் இது.

கணக்கு போடுவது எப்படி?

போர்டில் வரும் 'விபத்து' என்பதற்கு கம்பெனி கணக்கில் தனி அர்த்தம் உண்டு. அடிபட்ட தொழிலாளி அடுத்த ஷிப்டுக்கு வேலைக்கு வர முடியாமல் போனால்தான் அது 'வேலை நாள் இழப்பு காயம்'. கையில் கட்டு போட்டுக்கொண்டு மறுநாள் அவர் வந்து விட்டால் போர்டு நம்பர் பூஜ்யத்துக்கு திரும்பாது.

இதை வைத்து ஒரு விகிதமும் போடுவார்கள். உதாரணமாக ஒரு ஆலையில் 500 பேர் வேலை செய்கிறார்கள். தினம் 8 மணி நேரம், வருஷத்துக்கு 250 நாள். மொத்தம் 10 லட்சம் மணி நேர வேலை. அந்த வருஷத்தில் 2 பேர் காயத்தால் வேலைக்கு வரவில்லை என்றால், 10 லட்சம் மணி நேரத்துக்கு 2 என்பதுதான் அந்த ஆலையின் விகிதம். உலக எண்ணெய் கம்பெனிகள் பல இந்த 10 லட்சம் மணி நேர கணக்கையே பயன்படுத்துகின்றன. அமெரிக்க அரசு மட்டும் 2 லட்சம் மணி நேரத்துக்கு கணக்கு போடுகிறது. 100 பேர் ஒரு வருஷம் செய்யும் வேலை அது.

இந்த கணக்கில் தப்பு இல்லை. வழுக்கி விழுவது, கை நசுங்குவது, உயரத்தில் இருந்து விழுவது எல்லாம் குறைகிறதா என்று பார்க்க இது உதவும். ஹெல்மெட், ஷூ, சேப்டி பெல்ட் கட்டாயம் ஆனதால் காயங்கள் நிறைய குறைந்ததும் உண்மை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம்பருக்கு பரிசு என்று சொன்னதும், காயத்தை குறைப்பதற்கு பதில் கணக்கை குறைக்கும் வேலையும் சில இடங்களில் ஆரம்பித்து விடுகிறது. கால் வீங்கிய ஆளை ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார வைத்து 'வேலைக்கு வந்தார்' என்று எழுதலாம். "வெளியே கிளினிக்ல காட்டிக்கோ தம்பி, போர்டு நம்பர் போயிடும்" என்று சொல்லி அனுப்பலாம். கூட வேலை செய்பவர்களுக்கு பரிசு போய்விடுமே என்று அடிபட்டவரே வாயை மூடிக்கொள்வதும் உண்டு.

இதை விட பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒருவர் கூட பொய் கணக்கு எழுதாமல், எல்லாம் நேர்மையாக நடந்தாலும் அந்த நம்பரில் ஒரு ஆபத்து தெரியவே தெரியாது.

ஆபத்து இரண்டு வகை

ஆலையில் ஆபத்து இரண்டு வகையாக வரும். தொழிலாளி தடுக்கி விழுவது, சுத்தியல் கை தவறி காலில் விழுவது ஒரு வகை. இது அடிக்கடி நடக்கும். ஒருவர், இருவர் பாதிக்கப்படுவார்கள்.

பைப்புக்குள், டேங்குக்குள் இருக்க வேண்டிய பெட்ரோலோ கியாசோ வெளியே வருவது இரண்டாவது வகை. இது பல வருஷத்துக்கு ஒரு முறைதான் பெரிய அளவில் நடக்கும். ஆனால் நடந்தால் ஒரே நிமிஷத்தில் பல பேர் பலியாவார்கள். ஆலைக்கு வெளியே உள்ள வீடுகளும் தப்பாது.

முதல் வகையை தடுக்க ஹெல்மெட்டும் ஷூவும் உதவும். இரண்டாவது வகைக்கு அவை போதாது. அங்கே ஒழுங்காக வேலை செய்யும் வால்வு, பொய் சொல்லாத மீட்டர், சரியான நேரத்தில் அடிக்கும் அலாரம், தேய்ந்து போகாத பைப், தூங்கி எழுந்து வந்த ஆபரேட்டர் இதெல்லாம் வேண்டும். இவை கெட்டுப்போய் கொண்டிருக்கும் போது யாருக்கும் காயம் படாது. அதனால் போர்டு நம்பரும் தினமும் ஏறிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் 2005-ம் ஆண்டு நடந்த பயங்கரம் இதை அப்பட்டமாக காட்டியது.

டெக்சாஸ் சிட்டி: பாராட்டு விருந்து நடந்த நாள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டெக்சாஸ் சிட்டி என்ற ஊர். அங்கே பி.பி. கம்பெனிக்கு சொந்தமாக இருந்த சுத்திகரிப்பு ஆலை, அப்போது அந்த நாட்டிலேயே 3-வது பெரிய ஆலை.

2005-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி. ஆலையின் ஒரு யூனிட்டில் பராமரிப்பு வேலைக்காக கான்டிராக்ட் ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஆபீசாக டிரெய்லர் வண்டிகளை ஆலைக்குள்ளேயே நிறுத்தி இருந்தார்கள். வேலை நாள் இழப்பு காயம் இல்லாமல் வேலை நடந்ததற்காக அன்று மதியம் பாராட்டு விருந்து. சாப்பிட்டு விட்டு பலர் டிரெய்லர்களுக்கு திரும்பினார்கள்.

அதே நேரம் பக்கத்து யூனிட்டில், நிறுத்தி வைத்திருந்த 170 அடி உயர கோபுரம் ஒன்றை மறுபடியும் ஓட்ட ஆரம்பித்து இருந்தார்கள். பெட்ரோல் தயாரிக்க பயன்படும் திரவத்தை பிரித்து எடுக்கும் கோபுரம் அது. ஆலையை நிறுத்தி மறுபடி ஓட்டும் நேரம்தான் ரொம்ப ஆபத்தான நேரம் என்பது தொழிலில் இருப்பவர்களுக்கு தெரியும். ஆனால் டிரெய்லரில் இருந்தவர்களுக்கு அந்த கோபுரத்தை ஓட்டப்போகும் தகவலே சொல்லப்படவில்லை.

கோபுரத்தின் அடியில் சுமார் 6½ அடிதான் திரவம் இருக்க வேண்டும். அன்று உள்ளே திரவம் போய்க்கொண்டே இருந்தது. வெளியே போகும் வால்வு மணிக்கணக்கில் மூடிக்கிடந்தது. கோபுரம் நிரம்பிக்கொண்டே போனது.

மீட்டரோ 10 அடிக்கு கீழே இருப்பதாகவும், அதுவும் குறைந்து வருவதாகவும் காட்டியது. உண்மையில் திரவம் 158 அடிக்கு ஏறி இருந்தது. உயரம் கூடினால் அடிக்க வேண்டிய 2 அலாரங்களில் ஒன்று அதிகாலையிலேயே அடித்தது. மற்றொன்று அடிக்கவே இல்லை.

கன்ட்ரோல் ரூமில் ஒரே ஆபரேட்டர்தான் 3 யூனிட்டுகளை பார்த்துக் கொண்டிருந்தார். அங்கே ஆபரேட்டர்கள் தொடர்ந்து 29 நாளும் அதற்கு மேலும் லீவே இல்லாமல் தினம் 12 மணி நேர ஷிப்டு பார்த்து வந்தவர்கள். அனுபவம் உள்ள சூப்பர்வைசர், வீட்டில் அவசரம் என்று காலை 11 மணிக்கு முன்பே கிளம்பி விட்டார். அவருக்கு பதிலாக யாரையும் போடவில்லை.

மதியம் 1.14 மணிக்கு கோபுரம் பொங்கி வழிந்தது. சேப்டி வால்வுகள் திறந்து கொண்டன. திரவம் ஒரு பழைய டிரம்முக்கு பாய்ந்தது. 1950-களில் அமைத்த டிரம் அது. அதன் புகைபோக்கி நேராக வானத்தை பார்த்து திறந்திருந்தது. கியாசை எரித்து விடும் தீக்கோபுரத்தோடு அதற்கு இணைப்பு இல்லை. புகைபோக்கியின் உச்சியில் இருந்து பெட்ரோல் திரவம் ஊற்று போல பீய்ச்சி அடித்து, ஆவியாக தரையெல்லாம் பரவியது.

சுமார் 25 அடி தூரத்தில் ஒரு பிக்கப் வண்டி என்ஜின் ஓடியபடி நின்றிருந்தது. 1.20 மணிக்கு தீப்பற்றி பயங்கர சத்தத்துடன் வெடித்தது. டிரெய்லர்கள் சின்னாபின்னமாகின. மிக அருகில் இருந்த டிரெய்லருக்கும் டிரம்முக்கும் இடையே தூரம் வெறும் 121 அடி. 15 பேர் பலியானார்கள். 180 பேர் காயம் அடைந்தனர். பலியான 15 பேரும் கான்டிராக்ட் தொழிலாளர்கள். முக்கால் மைல் தூரத்தில் இருந்த வீடுகள் கூட சேதம் அடைந்தன. 43 ஆயிரம் பேர் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு போடப்பட்டது.

விசாரணையில் அம்பலம்

அமெரிக்க அரசின் ரசாயன பாதுகாப்பு வாரியம் விசாரணை நடத்தியது. அப்போது பல தகவல்கள் வெளிவந்தன. வெடிப்புக்கு முந்தைய 2004-ம் ஆண்டில், ஆலையின் காய விகிதம் அதன் வரலாற்றிலேயே மிகக் குறைவு. அதாவது நம்பர்படி பார்த்தால் அது 'நல்ல' வருஷம். ஆனால் அதே வருஷம் ஆலையில் நடந்த விபத்துகளில் 3 பேர் இறந்திருந்தார்கள். வெடிப்புக்கு முந்தைய 30 ஆண்டுகளில் பலியானவர்கள் 23 பேர்.

வெடித்த அந்த டிரம்மில் 1994 முதல் 2004 வரை 8 முறை கசிவு, தீ போன்ற சம்பவங்கள் நடந்திருந்தன. 2002-ல் அதை தீக்கோபுரத்தோடு இணைக்கலாம் என்ற யோசனை வந்தும், செலவு குறைவான வேறு வழியை தேர்ந்தெடுத்தார்கள். 1999-ம் ஆண்டு முதல் செலவை 25 சதவீதம் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு இருந்தது. தேய்ந்த பைப்பும், டெஸ்ட் செய்யாத மீட்டரும் அப்படியே கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அமெரிக்க முன்னாள் வெளியுறவு மந்திரி ஜேம்ஸ் பேக்கர் தலைமையில் ஒரு குழுவும் விசாரித்து 2007-ம் ஆண்டு ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. காய விகிதம் குறைந்து வந்ததை பார்த்து, வெடி ஆபத்தும் கட்டுக்குள் இருப்பதாக கம்பெனி தப்பாக நினைத்து விட்டது என்பதே அதன் முக்கிய முடிவு. 'வேலை நாள் இழப்பு காயம்' குறைந்ததும் உண்மை. கோபுரம் வெடிக்க தயாராக இருந்ததும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

நடுக்கடலில் மறுபடியும்

5 வருஷம் கழித்து அதே கதை கடலில் நடந்தது. 2010-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹரைசன்' என்ற எண்ணெய் துளையிடும் மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் பலியானார்கள். கிணற்றில் இருந்து 87 நாட்கள் எண்ணெய் கடலில் கலந்தது.

அன்று அந்த மேடைக்கு பி.பி., டிரான்ஸ்ஓஷன் கம்பெனிகளின் பெரிய அதிகாரிகள் வந்திருந்தார்கள். 7 வருஷமாக வேலை நாள் இழப்பு காயம் இல்லை என்று பாராட்டுவதும் அவர்கள் வந்த காரணங்களில் ஒன்று. அவர்கள் மேடையில் இருக்கும் போதே கிணறு வெடித்தது.

கொடுமை அதோடு முடியவில்லை. 11 பேர் பலியான அதே 2010-ம் ஆண்டை, பாதுகாப்பில் தங்களுக்கு மிகச்சிறந்த ஆண்டு என்று டிரான்ஸ்ஓஷன் கம்பெனி தன் அறிக்கையில் எழுதியது. காய விகித கணக்குப்படி மேலதிகாரிகளுக்கு போனசும் கொடுத்தது. இது வெளியே தெரிந்ததும் கடும் எதிர்ப்பு கிளம்பியது. பாதுகாப்புக்காக வாங்கிய அந்த போனசை, பலியானவர்களின் குடும்பங்களுக்கான நிதிக்கு கொடுப்பதாக அதிகாரிகள் அறிவித்தார்கள்.

ஒரு துண்டு பேப்பர்... 167 உயிர்

கணக்கு மட்டும் அல்ல, 'பர்மிட்' பேப்பரும் உயிர் சம்பந்தப்பட்டது. பல தொழிலாளிகளுக்கு அது காலையில் வரிசையில் நின்று கையெழுத்து போடும் சடங்கு. ஆனால் அந்த பேப்பர் சரியான கைக்கு போய் சேராததால் 167 பேர் இறந்திருக்கிறார்கள்.

பிரிட்டன் அருகே வட கடலில் 'பைபர் ஆல்பா' என்ற எண்ணெய் மேடை இருந்தது. 1988-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி பகல் ஷிப்டில் அங்கே ஒரு பம்பின் சேப்டி வால்வை டெஸ்ட் செய்ய கழற்றினார்கள். வேலை முடியவில்லை. திறந்த வாயில் ஒரு மூடியை மட்டும் வைத்து விட்டு கிளம்பினார்கள்.

இரவு 10 மணிக்கு சற்று முன்பு இன்னொரு பம்ப் நின்று போனது. இரவு ஷிப்டு ஆட்கள், கழற்றி வைத்த பம்பை ஓட்டலாமா என்று பார்த்தார்கள். பம்ப் ரிப்பேருக்கு ஒரு பர்மிட். வால்வு வேலைக்கு தனியாக இன்னொரு பர்மிட். இரண்டும் வேறு வேறு இடத்தில் இருந்தன. வால்வு இல்லை என்ற விஷயம் இரவு ஷிப்டுக்கு தெரியாது. பம்பை ஓட்டினார்கள். மூடி இருந்த இடத்தில் கியாஸ் கசிந்து மேடை வெடித்து எரிந்தது. மேடையில் இருந்த 226 பேரில் 61 பேர் மட்டுமே உயிர் தப்பினார்கள். மீட்க போன 2 பேரையும் சேர்த்து பலி 167. தங்கும் அறைகளில் ஹெலிகாப்டருக்காக காத்திருந்த பலர் புகையில் மூச்சு முட்டி இறந்தார்கள்.

நீதிபதி கல்லன் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1990-ல் வெளியானது. மொத்தம் 106 பரிந்துரைகள். பர்மிட் முறையும், ஷிப்டு மாறும் போது வேலையை ஒப்படைக்கும் முறையும் அதன் பிறகு எண்ணெய் தொழிலில் இறுக்கப்பட்டன. இந்தியாவில் 1986-ம் ஆண்டு தொடங்கப்பட்ட எண்ணெய் தொழில் பாதுகாப்பு இயக்குனரகம் பர்மிட் முறைக்கு என்றே தனி விதி வகுத்து இருக்கிறது.

ஜெய்ப்பூரில் 75 நிமிஷம்

வெளிநாட்டில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ராஜஸ்தான் மாநிலம் ஜெய்ப்பூர் அருகே சீதாப்புராவில் இந்தியன் ஆயில் பெட்ரோல் டிப்போ இருந்தது. 2009-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி மாலை. டேங்கில் இருந்து பைப் மூலம் பக்கத்து டிப்போவுக்கு பெட்ரோல் அனுப்பும் வேலை. தினசரி நடப்பதுதான்.

அந்த பைப்பில் 2 வால்வுகள். ஒன்றை திறந்து சரி செய்யும் போது மற்றொன்று மூடி இருக்க வேண்டும். அன்று அந்த வரிசை மாறி விட்டது. திறந்திருந்த வாய் வழியாக பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. வால்வு அருகே இருந்தவர் ஆவியில் மூச்சு திணறி விழுந்தார். கன்ட்ரோல் ரூமில் இருந்தபடியே டேங்க் வால்வை மூடும் வசதி வேலை செய்யவில்லை. முகமூடியும் காற்று சிலிண்டரும் இல்லாமல் யாராலும் பக்கத்தில் போக முடியவில்லை.

சுமார் 75 நிமிஷம் பெட்ரோல் கொட்டியது. ஆயிரம் டன் அளவுக்கு வெளியேறி ஆவி மேகமாக பரவிய பிறகு இரவு 7.30 மணி அளவில் வெடித்தது. 11 பேர் பலியானார்கள். டேங்குகள் 11 நாட்கள் எரிந்தன.

அந்த 75 நிமிஷத்தில் ஒரு பட்டன் வேலை செய்திருந்தால் போதும். ஆனால் வேலை செய்யாத பட்டன் எந்த காய கணக்கிலும் வராது.

வேறு எதை எண்ண வேண்டும்?

டெக்சாஸ் சிட்டி விபத்துக்கு பிறகு இந்த கேள்விக்கு பதில் தேடினார்கள். அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம் 2010-ம் ஆண்டு ஒரு புதிய கணக்கு முறையை வெளியிட்டது. காயத்துக்கு பதில் கசிவை எண்ணும் முறை அது. இதில் 4 படிகள் உண்டு.

முதல் படி, பெரிய கசிவு. யாருக்கும் அடிபடாவிட்டாலும் இவ்வளவு கிலோவுக்கு மேல் வெளியே வந்தால் கணக்கில் எழுத வேண்டும். இரண்டாவது படி, அதை விட சின்ன கசிவு. மூன்றாவது படி, கசிவு வரை போகாமல் தப்பியது. அதாவது சேப்டி வால்வு திறந்தது, டேங்க் அளவுக்கு மேல் நிரம்பியது போன்றவை. நான்காவது படி, தினசரி ஒழுங்கு. டெஸ்ட் தேதி தாண்டிய வால்வு எத்தனை, ரிப்பேர் பாக்கி எத்தனை, பயிற்சி பெறாத ஆட்கள் எத்தனை என்று பார்ப்பது.

கீழே உள்ள படிகளில் நம்பர் கூடினால் மேலே பெரிய விபத்து நெருங்குகிறது என்று அர்த்தம். முக்கியமான இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு ஆலையில் சின்ன கசிவு, 'நியர் மிஸ்' புகார்கள் நிறைய பதிவானால் அது மோசமான ஆலை என்று முடிவு கட்டக்கூடாது. அங்கே தொழிலாளிகள் பயப்படாமல் சொல்கிறார்கள் என்றும் அர்த்தம் இருக்கலாம். புகாரே இல்லாத ஆலையில்தான் சந்தேகப்பட வேண்டும்.

தொழிலாளிகள் கவனத்துக்கு

இதெல்லாம் கம்பெனி பார்க்க வேண்டிய கணக்கு. கான்டிராக்ட் வேலைக்கு போகும் தொழிலாளி தன் அளவில் பார்க்க வேண்டியவையும் சில உண்டு.

* பர்மிட்டில் கையெழுத்து போடும் முன்பு, "இந்த லைன்ல இப்போ என்ன இருக்கு? காலி பண்ணியாச்சா? எங்கே பிளைண்ட் போட்டிருக்கு?" என்று கேட்க வேண்டும். முடிந்தால் அந்த இடத்தை நேரில் காட்டச் சொல்ல வேண்டும்.

* பக்கத்து யூனிட்டை இன்று ஓட்டப்போகிறார்களா என்று காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் கேட்க வேண்டும். டெக்சாஸ் சிட்டியில் டிரெய்லரில் இருந்தவர்களுக்கு இந்த ஒரு தகவல் கிடைக்கவில்லை.

* ஷிப்டு முடியும் போது வேலை பாக்கி இருந்தால், அடுத்து வருபவரிடம் நேரில் சொல்லி விட்டுத்தான் கிளம்ப வேண்டும். பேப்பரை மேஜையில் வைத்து விட்டு போனால் போதாது.

* டேங்குக்குள் இறங்கும் முன்பு ஆக்சிஜன் அளவை பார்க்க வேண்டும். வெளிக்காற்றில் சுமார் 21 சதவீதம் இருக்கும். 19.5 சதவீதத்துக்கு கீழே போனால் இறங்கக்கூடாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் காற்று சிலிண்டர் இல்லாமல் காப்பாற்ற குதிக்கக்கூடாது. காப்பாற்ற போனவரும் சேர்ந்து இறப்பது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் சோகம்.

* அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றுக்கு குறுக்காகவோ, காற்று வீசி வரும் பக்கமாகவோ உடனே விலக வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயுவாக அது இருக்கலாம். "நாத்தம் போயிடுச்சுண்ணே, இனி பயம் இல்ல" என்று நினைத்தால் ஆபத்து. அளவு கூடும்போது அந்த வாயு மூக்கையே மரத்துப்போக வைத்து விடும்.

* சமையல் கியாஸ் காற்றை விட கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு பரவி பள்ளம், கால்வாய், குழிகளில் தங்கும். அந்த நேரத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

போபாலில் 1984-ம் ஆண்டு விஷ வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் பலியான பிறகு, 1987-ல் தொழிற்சாலை சட்டத்தை திருத்தினார்கள். ஆபத்து நெருங்குவதாக தெரிந்தால் அதை எடுத்துச்சொல்லும் உரிமை அப்போது தொழிலாளிக்கு கிடைத்தது.

அந்த பழைய சட்டத்துக்கு பதிலாக 2020-ல் நிறைவேறிய பணியிட பாதுகாப்பு சட்டத்தொகுப்பு 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. இதிலும் அந்த உரிமை தொடர்கிறது. உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து வரும் என்று நியாயமான பயம் இருந்தால், தொழிலாளி நேரடியாகவோ பாதுகாப்பு குழு மூலமாகவோ முதலாளியிடம் சொல்லலாம். அதே நேரத்தில் அரசு ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம்.

சொன்னால் அடுத்த ஷட்டவுனுக்கு கூப்பிட மாட்டார்களோ என்ற பயம் கான்டிராக்ட் தொழிலாளிகளுக்கு உண்டு. அந்த பயம் நியாயமானதுதான். அதனால் தனி ஆளாக சொல்வதை விட, கூட வேலை செய்யும் 4 பேராக சேர்ந்து சொல்வது நல்லது. எந்த இடம், எந்த வால்வு, எத்தனை மணி என்று நியர் மிஸ் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். தொழிற்சங்கமோ பாதுகாப்பு குழுவோ இருந்தால் அவர்கள் மூலமாகவும் சொல்லலாம்.

நாளை காலையிலும் ஆலை கேட்டில் போர்டு நம்பரில் ஒன்று கூடும். அதை பார்த்து விட்டு உள்ளே போகும்போது சேப்டி ஆபீசரிடம், "போன மாசம் எத்தனை இடத்துல கசிவு சார்? எத்தனை சரி பண்ணிட்டாங்க?" என்று கேட்டுப்பார்க்கலாம். உடனே பதில் வந்தால் அந்த ஆலையில் கசிவையும் எண்ணுகிறார்கள் என்று ஓரளவு நம்பலாம். "அதெல்லாம் உனக்கெதுக்குப்பா?" என்று பதில் வந்தால், வேலை நடக்கும் இடத்தில் இருந்து வெளியேறும் வழி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.